தொட்டிலும் கைத்தடியும்: மோடல் கேள்வி-பதில்

கேள்வி: கேன், குட், மே, மைட் என்று பலகையில் எழுதத் தொடங்கினாலே ஒன்பதாம் வகுப்பு கொட்டாவி விடுகிறது. கைக்குழந்தையையும் தொண்ணூறு வயதுக்காரரையும் ஒப்பிட்டுப் பேச வைத்தால் மோடல் நன்றாக வரும் என்கிறார் ஒரு தோழி. பலன் இருக்குமா?
– ஆங்கில ஆசிரியை, கும்பகோணம்

பதில்: இருக்கும். நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள். முடியுமா, கூடுமா, வேண்டுமா, கூடாதா என்று பேசுகிறவர் எடுக்கிற முடிவைத்தான் மோடல் வினை சொல்கிறது. அட்டவணையைப் பார்த்து எழுதுகிற பிள்ளை எதையும் முடிவு செய்வதில்லை. கொட்டாவி அங்கேதான் பிறக்கிறது. பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் ஆறு மாதக் குழந்தை, மறுபக்கம் தொண்ணூறு வயதுப் பாட்டி. ‘முறுக்கு கடிக்க யார் கேன், யார் கான்ட்?’ என்று கேளுங்கள். ‘ரெண்டு பேரும் கான்ட்’ என்று வகுப்பே கத்தும். ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, ‘எங்க அப்பாயி உரல்ல இடிச்சுத் தின்னுவாங்க மிஸ்’ என்னும். கையளவே உள்ள இரும்பு உரல், அதில் வெற்றிலையும் பாக்கும் இடிபடும் ‘டொக் டொக்’ சத்தம், கூடவே எப்போதாவது நாலு முறுக்குத் துண்டு, எல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பழக்கம். ‘ஷீ கான்ட் பைட் இட், பட் ஷீ கேன் பவுண்ட் இட்’ என்று அது சொல்லும்போது கேன், கான்ட் இரண்டும் வாழ்நாளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

குழந்தை, முதியவர் என்ற இந்த இரு தரப்பும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. நம் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அதனால் எல்லாப் பிள்ளைக்கும் சொல்ல விஷயம் இருக்கும். இந்தப் பயிற்சியின் பெரிய பலம் இதுதான்.

கேள்வி: ‘ஐ கேன் ஏபிள் டு’ என்றால் என்ன தப்பு? கேட்பவருக்குப் புரிகிறதே!
– கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: கேன் என்றாலே முடியும். ஏபிள் டு என்றாலும் முடியும். ஒரு வேலைக்கு ஒரு ஆள் போதும். ‘த பேபி கேன் க்ரால்’, ‘த பேபி இஸ் ஏபிள் டு க்ரால்’ இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வில்’ முன்னால் வந்துவிட்டால் கேனுக்கு இடமில்லை. அங்கே ‘ஷீ வில் பி ஏபிள் டு வாக் சூன்’தான்.

கேள்வி: பத்து மாதப் பேத்தியும் நடப்பதில்லை, எண்பத்தெட்டு வயது மாமியாரும் நடப்பதில்லை. இருவருக்கும் ‘ஷீ கான்ட் வாக்’ என்றால் சரிதானே?
– இல்லத்தரசி, நாமக்கல்

பதில்: இலக்கணப்படி சரி. ஆனால் தமிழில் நீங்களே அப்படிச் சொல்ல மாட்டீர்களே! பேத்தியைப் பற்றி யாராவது கேட்டால் ‘இன்னும் நடக்க வரல’ என்பீர்கள். மாமியாரைக் கேட்டால் ‘இப்பல்லாம் நடக்க முடியல’ என்பீர்கள். நீந்தத் தெரியாது என்பதும் நீந்த முடியாது என்பதும் நமக்கு வேறு வேறு. ஆங்கிலமோ இரண்டையும் கேனுக்குள் அடைத்துவிட்டது. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் கேனின் மூலச்சொல்லுக்குத் தெரியும் என்பதுதான் பொருள். வலுவைக் குறிக்கத் தனியாக ஒரு வினை இருந்தது. அதுதான் தேய்ந்து இன்றைய ‘மே’ ஆனது.

ஆகவே வாலைச் சேருங்கள். பேத்திக்கு ‘ஷீ கான்ட் வாக் யெட்’. மாமியாருக்கு ‘ஷீ கான்ட் வாக் எனி மோர்’. அதோடும் நிறுத்தாதீர்கள். ‘ஷீ யூஸ்ட் டு வாக் டு த மார்க்கெட் எவ்ரி மார்னிங்’ என்று ஒரு வரி எழுதுங்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை வருவார் என்றால் ‘ஷீ கேன் வாக் வித் அ வாக்கர்’ என்பதையும் எழுதுங்கள். அவரைப் பற்றிய உண்மை இந்த மூன்று வரியும் சேர்ந்ததுதான்.

கேள்வி: நோயாளியின் குறிப்பேட்டில் ‘கான்ட்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது இறுதித் தீர்ப்பா?
– பிசியோதெரபி மாணவி, வேலூர்

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி. தொட்டிலில் இருந்து ஒரு பதிலும் முதியோர் காப்பகத்தில் இருந்து ஒரு பதிலும் சொல்கிறேன்.

பிறந்து சில நாளே ஆன குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி, பாதம் மேசையைத் தொடும்படி நிறுத்தினால், இடது வலது என்று அடியெடுத்து வைக்கும். இரண்டு மாதம் ஆனால் அது நின்றுபோகும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்பதுதான் வெகுகாலம் சொல்லப்பட்ட விளக்கம். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனுக்கு அதில் சந்தேகம். அடியெடுத்து வைப்பதை நிறுத்தியிருந்த குழந்தைகளின் கால்களைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தார்கள் அவரும் அவருடைய சகாக்களும். கால்கள் மறுபடி அடியெடுத்து வைத்தன! இன்னும் அடி வைத்துக்கொண்டிருந்த குழந்தைகளின் காலில் சிறு எடையைக் கட்டினார்கள், அடிகள் குறைந்தன. 1984-இல் வெளியான ஆய்வு இது. மூளை எதையும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் தொடையில் சதை வேகமாக ஏறிவிடுகிறது, அதைத் தூக்கும் வலு இன்னும் வரவில்லை. இதை மோடலில் சொல்லிப் பாருங்கள்: ‘ஷீ கான்ட் ஸ்டெப்’ என்பது பாதி உண்மை. ‘ஷீ குட் ஸ்டெப், இஃப் ஹெர் லெக்ஸ் வேர் லைட்டர்’ என்பது முழு உண்மை.

அடுத்தது பாஸ்டன் நகரின் முதியோர் காப்பகம். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு அங்கே தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் தளர்ந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தது. மேற்பார்வையோடு, கால் தசைகளுக்கு 8 வாரம் கடினமான எடைப் பயிற்சி. முடித்தவர்கள் 9 பேர். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடையும் வேகமெடுத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1990-இல் இது வெளிவந்தபோது முதியோர் மருத்துவத்தில் பலருடைய எண்ணமே மாறியது. அதுவரை அந்த வயதில் எடை தூக்கச் சொல்லப் பலருக்குத் துணிவில்லை. ‘எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க, நாங்க எடுத்துத் தர்றோம்’ என்று அன்போடு சொன்ன ஆயிரம் ‘மஸ்ன்ட்’கள் சேர்ந்துதான் அந்தக் கால்களில் ஒரு ‘கான்ட்’ ஆகியிருந்தன.

அதனால் குறிப்பேட்டில் ‘கான்ட் ஸ்டாண்ட்’ என்று எழுதும்போது பக்கத்தில் ‘அட் ப்ரெசன்ட்’ என்று சேருங்கள். அடுத்த வரியில் ‘குட் ஷீ, இஃப்...?’ என்று ஒரு கேள்வியைப் போடுங்கள். இஃப்புக்குப் பின்னால் என்ன வரும் என்று தேடுவதுதானே உங்கள் தொழில்!

கேள்வி: கேனின் இறந்த காலம் குட். பிறகு எதற்கு ‘வாஸ் ஏபிள் டு’?
– போட்டித் தேர்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: எப்போதும் இருந்த திறமைக்குக் குட். ஒரு நாள் ஒரு தடவை சாதித்துக் காட்டியதற்கு வாஸ் ஏபிள் டு. பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபௌஜா சிங்கை வைத்து மனப்பாடம் செய்யுங்கள். ஐந்து வயதுவரை அவருக்கு நடக்கவே வரவில்லை: ‘ஹீ குடன்ட் வாக் அன்டில் ஹீ வாஸ் ஃபைவ்’. அதே மனிதர் 2011-இல், நூறு வயதில், கனடாவின் டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்தார்: ‘அட் அ ஹன்ட்ரட், ஹீ வாஸ் ஏபிள் டு ஃபினிஷ் அ மாரத்தான்’. இங்கே ‘குட் ஃபினிஷ்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். எதிர்மறையில் மட்டும் இந்தப் பேதம் கிடையாது. குடன்ட் இரண்டுக்கும் பொருந்தும்.

அவர் கதையில் இன்னொரு மோடல் பாடமும் இருக்கிறது. 1911-இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு சொன்னது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் கின்னஸ் நிறுவனம் அந்தச் சாதனையைப் பதிவு செய்யவில்லை. ரசிகர்களுக்கு அது ‘ஹீ மஸ்ட் ஹேவ் பீன் அ ஹன்ட்ரட்’. பதிவாளர்களுக்கு ‘ஹீ மே ஹேவ் பீன் அ ஹன்ட்ரட்’. ஒரே மனிதர், ஒரே ஓட்டம். கையில் இருக்கும் சான்றுக்குத் தக்கபடி மோடல் மாறிவிடுகிறது.

கேள்வி: மே, மைட், மஸ்ட் – யூகத்துக்கு எதை எப்போது போடுவது? வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது, அதை வைத்தே சொல்லுங்கள்.
– புதிய அப்பா, ஓசூர்

பதில்: வாழ்த்துகள்! உங்களை விட நல்ல மாணவர் கிடைக்க மாட்டார். இரவு இரண்டு மணி, குழந்தை அழுகிறது. பால் குடித்து இரண்டு மணி நேரம் ஆயிற்று: ‘ஷீ மே பி ஹங்கரி’. துணி நனைந்திருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் இப்போதுதான் மாற்றினீர்கள்: ‘ஷீ மைட் பி வெட்’. தொட்டுப் பார்த்தால் சொட்டச் சொட்ட ஈரம்: ‘தட் மஸ்ட் பி இட்’. மாற்றி முடித்து, பாலும் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் மறுபடி அழுகை: ‘ஷீ கான்ட் பி ஹங்கரி’. ‘மஸ்ன்ட் பி ஹங்கரி’ என்று சொல்லிவிடாதீர்கள். மஸ்ட் என்ற யூகத்துக்கு எதிர்ப்பதம் கான்ட்.

இதே யூக வாக்கியங்களை வீட்டுப் பெரியவர் மேல் பயன்படுத்துவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தாத்தா சாப்பிடவில்லை என்றால் ‘ஹீ மே பி டயர்ட்’, ‘ஹீ மஸ்ட் பி ஆங்க்ரி’ என்று கூடத்தில் நின்று ஆளுக்கொரு யூகம் செய்கிறோம், அவர் காதுபடவே. குழந்தையிடம் கேட்க வழியில்லை, யூகிக்கிறோம். அவரிடம் கேட்கலாமே! ‘வுட் யூ லைக் சம் ரசம் ரைஸ்?’, ‘ஷல் ஐ பிரிங் இட் ஹியர்?’ பயிற்சிப் புத்தகத்தில் வுட், ஷல் இரண்டையும் பெரியவர் பக்கத்து நெடுவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மஸ்ன்ட், டோன்ட் ஹேவ் டு இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது.
– அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி

பதில்: குழம்ப வேண்டியதே இல்லை, தமிழில் தெளிவாக இருக்கிறது. மஸ்ன்ட் என்றால் கூடாது. டோன்ட் ஹேவ் டு என்றால் வேண்டியதில்லை. நீங்கள் தினமும் தாய்மாரிடம் சொல்கிற செய்தியையே ஆங்கிலமாக்குவோம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். ஆக, ‘யூ மஸ்ன்ட் கிவ் ஹனி டு அ பேபி அண்டர் ஒன்’. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. ஆக, ‘மதர்ஸ் டோன்ட் ஹேவ் டு வொரி அபவுட் வாட்டர்’. கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது தண்ணீருக்கும் மஸ்ன்ட்தான்.

சேனை வைக்கிற வழக்கம் உள்ள வீட்டில் இதை யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும்? பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்மணியிடம். அவர் குணம் குழந்தைக்கு வரட்டும் என்று ஆசையோடு நாக்கில் தேனைத் தொட்டு வைக்க வருகிறார். அவரைப் பார்த்து ‘யூ மஸ்ன்ட்’ என்று விரல் நீட்டக் கூடாது. ‘மே ஐ டெல் யூ சம்திங், பாட்டி?’ என்று ஆரம்பியுங்கள். தமிழிலும் அப்படித்தான்: ‘ஆத்தா, தேன் மட்டும் வேண்டாமே, நெத்தியில விபூதி வெச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க.’ விதி கடுமையாக இருக்கட்டும். சொல்கிற மோடல் மென்மையாக இருக்கலாம்.

கேள்வி: எல்லா ‘கேன்’ஐயும் பெரியவர்களே எடுத்துக்கொண்டால் பாவம் குழந்தைக்கு என்ன மிச்சம்? குழந்தையால் முடிந்து நம்மால் முடியாதது ஏதாவது உண்டா?
– ஏழாம் வகுப்பு மாணவன், புதுச்சேரி

பதில்: உண்டு, அதுவும் பெரிய விஷயம். கனடாவில் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட சோதனையைக் கேள். அம்மா மடியில் குழந்தை. ஒலிபெருக்கியில் இந்தியின் ‘த’ திரும்பத் திரும்ப ஒலிக்கும். திடீரென்று அது ‘ட’ ஆகும். மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தலையைத் திருப்பினால் பக்கத்திலுள்ள பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகள், ஆறிலிருந்து எட்டு மாத வயதில், பெரும்பாலும் சரியாகத் தலையைத் திருப்பின. பத்து மாதத்துக்குப் பிறகு அந்தத் திறமை வேகமாகக் குறைந்தது. அவற்றின் அப்பா அம்மா வயதுக்காரர்களுக்கு வித்தியாசம் கேட்பதே கடினம். நம் ‘பத்து’ம் ‘பட்டு’ம் பல ஆங்கிலேயர் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களும் ஆறு மாதத்தில் பிரித்தறிந்தவர்கள்தான்: ‘தே குட் ஹியர் இட் ஒன்ஸ், தே கான்ட் நௌ’.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறைத் தாண்டியும் யோகாசனம் செய்துகாட்டி, மற்றவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். மறு ஆண்டு, 99 வயதில் காலமானார். குழந்தை காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும். அந்தப் பாட்டியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வளைவார். இருவருக்கும் ஒரே ‘கேன்’ போடலாம்.

கேள்வி: ‘மை கிராண்ட்மதர் வுட் லிவ் இன் மதுரை’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். பழைய பழக்கத்துக்கு வுட் போடலாம் என்று அவரேதான் சொன்னார்!
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: ஆசிரியர் செய்தது சரி. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு வுட் வரும். இருந்த நிலைக்கு வராது. மதுரையில் குடியிருந்தது நிலை: ‘ஷீ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை’. வைகையில் துணி துவைத்தது செயல்: ‘எவ்ரி ஃப்ரைடே ஷீ வுட் வாஷ் க்ளோத்ஸ் இன் த வைகை’. யூஸ்ட் டு இரண்டுக்கும் பொருந்தும், சந்தேகம் வந்தால் அதையே போடு. உன் பாட்டி இருக்கிறாரா? இன்று மாலை பத்து ‘அந்தக் காலத்துல’ கதை கேட்டு வா. தமிழிலேயே கேள். எழுதும்போது ஆங்கிலமாக்கு. எது நிலை, எது செயல் என்று பிரிக்கும்போது உனக்கு வுட் பிடிபடும், பாட்டிக்கும் ஒரு மாலைப் பொழுது பேச ஆள் கிடைக்கும். கைக்குழந்தையை வைத்து இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது. அதற்கு ஏது ‘அந்தக் காலம்’?

கேள்வி: ஷல், மஸ்ட் எல்லாம் அரசாங்கக் காகிதத்தில்தான் பார்க்கிறேன். இதற்கும் உங்கள் தொட்டில்-கைத்தடி உதாரணம் வருமா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருச்சி

பதில்: உங்களுக்கே தெரிந்திருக்கும், காகிதம் அதிகம் தேவைப்படுவது வாழ்க்கையின் இந்த இரண்டு முனைகளிலும்தான். பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த விதி. வீட்டில் பிறந்தால் இந்த மஸ்ட் குடும்பத் தலைவர் தலையில், மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பு மருத்துவர் தலையில். ஓய்வூதியம் வாங்கும் நீங்களோ ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும்: ‘பென்ஷனர்ஸ் மஸ்ட் சப்மிட் இட் இன் நவம்பர்’. மத்திய அரசு ஓய்வூதியர் எண்பது வயதைத் தொட்டுவிட்டால் அக்டோபரிலேயே தரலாம்: ‘தே மே சப்மிட் இட் ஃப்ரம் அக்டோபர்’. மஸ்ட் கட்டாயம், மே சலுகை.

கைரேகைக் கருவி முன்னால் இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆதாரில் ரேகை எடுப்பதில்லை. உழைத்துத் தேய்ந்த முதிய விரலிலோ ரேகையைக் கருவி படிக்க மறுக்கிறது. விரலைத் துடைத்து, எண்ணெய் தடவி, நாலு முறை அழுத்தி, ‘வரல பாட்டி, நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்! உயிர்வாழ் சான்றிதழுக்கு 2021-இல் முகம் பார்த்து அடையாளம் காணும் வசதி வந்தது. ‘ஷீ கான்ட் கிவ் ஹெர் ஃபிங்கர்பிரிண்ட்’ என்று எழுதாதீர்கள். பாட்டி விரலைக் கொடுக்கத்தான் செய்தார். ‘த மெஷின் கான்ட் ரீட் இட்’ என்பதே சரி. கான்ட் யாருக்கு என்பதில் கவனம் வேண்டும்.

கேள்வி: முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்கிறார்களே, ஒப்புக்கொள்கிறீர்களா?
– செவிலியர், சென்னை

பதில்: இல்லை. ஒப்பிடுவது வேறு, ஒன்றாக்குவது வேறு. பொக்கை வாய், தள்ளாடும் நடை, பகலில் தூக்கம் எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் எண்பத்தைந்து வயதுக்காரர் பின்னால் ஒரு நீண்ட யூஸ்ட் டு பட்டியல் நிற்கிறது. முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவரைப் பார்த்து ‘மாத்திரை சாப்ட்டோமா? சமத்தா இருக்கணும், சரியா?’ என்று குழைகிற பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. பாசம்தான், ஆனால் அவருக்கு அது சுடும். மறதிநோய் உள்ள முதியவர்களைப் பராமரிக்கும்போது பதிவு செய்த காணொளிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். இப்படி மழலையில் பேசும்போது முதியவர்கள் முகம் திருப்புவதும், கையைத் தட்டிவிடுவதும், பணிவிடையை மறுப்பதும் கூடுகிறது என்று கண்டார்கள். பேர் மறந்தவருக்கும் மரியாதை புரிகிறது.

குழந்தைக்கு நீங்கள் சொல்லும் ‘யூ ஷுட்’ வளர வளர ‘யூ மே’ ஆகிறது. பெரியவருக்கு அதை எதிர்த்திசையில் ஓட்டுகிறோம்: நேற்றுவரை மே, இன்றைக்கு ஷுட், நாளைக்கு மஸ்ட். எங்கே பாதுகாப்புக்கு அவசியமோ அங்கே மட்டும் மஸ்ட் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் விருப்பம். எந்தச் சட்டை, எந்த நேரத்தில் காபி, ஜன்னல் திறந்திருக்கணுமா மூடணுமா என்று தினமும் மூன்று கேள்வியாவது வுட் யூ லைக்கில் கேளுங்கள். ‘ஐயா, இப்போ ஊசி போடலாமா?’ என்று நீங்கள் ஏற்கெனவே கேட்கிறவராக இருந்தால், பக்கத்து வார்டுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. மோடலுக்குப் பின்னால் ‘டு’ வருமா, வராதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் – ஒன்பதுக்கும் வராது. ஆட் டு, ஹேவ் டு, யூஸ்ட் டு மூன்றுக்கும் வரும். ‘மஸ்ட் டு கோ’ என்று எழுதியிருந்தால் இப்போதே அந்த ‘டு’வை அடித்துவிடுங்கள்.